மூடி திறக்கும் முன்

ரப்பர் பொம்மையை மேசைமேல் நிறுத்திவைத்ததுமே ஞானபாய் டீச்சருக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல இருந்தது. நாலு வயதுப் பிள்ளையின் உயரம். மயிரில்லாத தலை, மூடாத வாய். பொம்மை அம்மணமாக நிற்கக் கூடாது என்று யாரோ ஒரு நீலச் சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். எந்த வீட்டுப் பிள்ளை போட்டுக் கழித்ததோ, காலரில் தையல் விட்டிருந்தது. சபை மண்டபத்தின் முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்தவர் பாஸ்டரய்யா. முப்பது வருஷத்துக்குமேல் சபையின் நர்சரியை நடத்துகிறவள் பின்னால் உட்காரலாமா என்று அவருக்கு ஒரு மரியாதை. மரியாதை சில நேரம் மனிதரைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. இனி எழுந்தால் இத்தனை பேரையும் தாண்டித்தான் போக வேண்டும்.

விழிஞ்ஞத்துக்குத் தெற்கே உள்ள நர்சரி டீச்சர்கள், அங்கன்வாடி டீச்சர்கள், ஆயாக்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பயிற்சி கொடுக்க வந்தவன் பிரபின், நெய்யாற்றின்கரைக்காரன், ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிற பேச்சு. கேலிக்காரன், காலையிலிருந்து மண்டபத்தைச் சிரிக்கவைத்துக்கொண்டே பாடம் எடுத்தான். சூடு கஞ்சி மேலே கொட்டினால் பற்பசை தடவுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றான். பாதி மண்டபம் கை தூக்கியது.

"பேஸ்ட் பல்லு தேய்க்கதுக்கு உள்ளது. தீப்பட்ட இடத்துக்குத் தண்ணி. ஓடுற பச்சத்தண்ணி, கொறே நேரம், இருபது நிமிஷம். அவ்வளவுதான் கேட்டோ."

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கிறவர்கள் யார் யார் என்று அடுத்துக் கேட்டான். ஞானபாயின் நர்சரியில் ஆயாவாக இருக்கிற எலிசாள் கையைத் தூக்கியதோடு நில்லாமல், "சாவியும் குடுப்பேன், கூட ஜெபமும் பண்ணுவேன்" என்றாள். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பிரபினும் சிரித்தான். சாவியை நர்சரிக் கதவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிள்ளையை ஒருச்சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், பக்கத்தில் இருந்தால் போதும் என்று கீழே படுத்தே காட்டினான். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இனி தொண்டையில அடைக்கது" என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவனுக்கு அது புரியவில்லை. மதியம் நெருங்குகிறது, பசி வந்துவிட்டது போல என்று நினைத்திருப்பான்.

"ஒரு காரியம் மொதல்ல மனசிலாக்கிக்கிடுங்க. தொண்ட அடச்ச பிள்ள அழாது, கத்தாது. காத்து உள்ள போய் வந்தாத்தானே சத்தம் வரும்? இருமுதுன்னா பயப்படாண்டாம், நல்லா இருமச் சொல்லுங்க. இருமாம, சத்தமில்லாம, நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கும் பாருங்க, அதுதான் அபகடம், ஆபத்து. அதனால பிள்ளைங்க தின்னும்போ நம்ம கண்ணு அதுகளுக்க வாய் மேல இருக்கணும்."

யாரும் ஞானபாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அத்தனை கவனமாகப் பார்க்காமல் இருந்ததில், எல்லோரும் பார்த்ததைவிட அதிகமாக அவளுக்கு முதுகு கூசியது.

"போன வருஷம் இந்தப் பக்கத்துல ஒரு கேஸ் வந்ததுல்லா? எந்த நர்சரின்னு எனக்கு அறியாது. ஒரு அம்மா, தொலி உரிச்ச ரம்புட்டான் பழத்த, முழுசா, கொட்டையோட டிபன்ல வெச்சு விட்டிருக்கு. அந்த அம்மாவுக்கு அது வழுக்குத சாதனம்னு யாராவது சொல்லிக் குடுத்திருந்தா அந்தப் பிள்ள இன்னைக்கு இருந்திருக்கும்."

பாஸ்டரய்யா தொண்டையைக் கனைத்தார். பிரபின் அதையும் கவனிக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் அகில். ஜெஸியின் மூத்தவன். ஜெஸியும் ஞானபாயிடம் படித்தவள்தான். அதே பெஞ்சு, அதே சுவர், அதே டீச்சர். அம்மாவையும் பிள்ளையையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்துப் பார்த்த டீச்சர் என்று ஞானபாய்க்கு அதில் ஒரு பெருமை உண்டு. பெருமைகள் அவளுக்குக் குறைவில்லை. அவற்றில் பெரியது ஜெபம். ஞானபாய் டீச்சர் ஜெபம் பண்ணினால் கல்லும் கரையும் என்று சபையில் சொல்வார்கள். புதுவீடு, பெண்பார்ப்பு, ஆபரேஷன், வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிற நாள், எதற்கானாலும் பாஸ்டரய்யாவைக் கூப்பிட்ட கையோடு டீச்சரையும் கூப்பிடுவார்கள். கணீரென்ற குரல், தடங்காத தமிழ். வீட்டிலும் வெளியிலும் மலையாளம் பேசி வளர்கிற நர்சரிப் பிள்ளைகளுக்கு அந்தத் தமிழில் பாதி விளங்காது. அவர்கள் காத்திருப்பதெல்லாம் தங்களுக்குத் தெரிந்த அந்த ஒற்றைச் சொல்லுக்குத்தான். ஆமேன் என்று அவள் முடித்ததும், கூரை பிய்ந்துபோகும்படி ஆமேன் என்று கத்திவிட்டுச் சாப்பாட்டில் பாய்வார்கள்.

நர்சரியில் ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியதென்று கேட்டால் ஞானபாய்தான். ஜெபத்துக்கு முன்னாலேயே எலிசாள் ஒவ்வொரு பிள்ளையாகப் போய் டிபன் மூடியைத் திறந்து வைத்துவிடுவாள். ஜெபம் முடிந்தபிறகு திறக்கப் போனால், இறுகிக்கொண்ட மூடியோடு மல்லுக்கட்டிப் பசியில் பிள்ளைகள் அழும். ஒருத்தி எத்தனை மூடியைத் திறப்பாள். அதனால் முதலில் மூடி, பிறகு ஜெபம். திறந்த சாப்பாட்டின் முன் கண்ணை மூடிக் கைகூப்பி, அசையாமல், பேசாமல் பிள்ளைகள் இருக்க வேண்டும். இருப்பார்கள். மற்ற நர்சரி டீச்சர்கள் வந்து பார்த்து மூக்கில் விரல் வைப்பார்கள்.

அன்று நகரத்துச் சபையிலிருந்து மாதர் சங்கத்துப் பெண்கள் நர்சரியைப் பார்க்க வந்திருந்தார்கள். பட்டுச் சேலையும் கைப்பையுமாக வாசலில் நின்றவர்கள், பிள்ளைகள் கைகூப்பி உட்கார்ந்திருக்கிற அழகைப் பார்த்து, தாங்களும் அப்படியே நின்று கண்ணை மூடினார்கள். ஞானபாய் தொடங்கினாள். பிள்ளைகளுக்காக, பெற்றவர்களுக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக. அங்கே முடித்திருக்கலாம். குரல் அன்று அவளுக்கே இனிமையாக இருந்தது. வாசலில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறார்கள் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் போனாள். நோயாளிகளுக்காக, வந்திருக்கிற சகோதரிகளுக்காக, அவர்கள் சபைக்காக. ஒருநாளும் இல்லாத நீளம். ஆமேன் என்றாள். பிள்ளைகள் கத்தினார்கள். அவள் கண்ணைத் திறந்தாள்.

அகில் கத்தியிருக்கவில்லை. கைகூப்பி உட்கார்ந்திருந்தான். அவனுடைய கண் மட்டும் திறந்திருந்தது, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தானோ, பக்கத்துப் பிள்ளையைத் தொட்டானோ, யாருக்கும் தெரியாது. அந்த அறையில் வேறு ஒரு கண்ணும் திறந்திருக்கவில்லை. ஜெபத்தின்போது அசையக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவன் நல்ல பிள்ளை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

அதற்குப்பிறகு நடந்ததெல்லாம் செய்யக் கூடாதவை என்று இப்போது பிரபின் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவக் கூடாது. அது இன்னும் உள்ளே போகும். ஞானபாய் விட்டாள். வழுவழுவென்று ஒன்று விரல்நுனியில் பட்டு நழுவியது இன்றைக்கும் அவள் விரலில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றக் கூடாது, எலிசாள் ஊற்றினாள். சோற்றுருண்டை விழுங்கவைக்கக் கூடாது. வாசலில் நின்ற ஒரு அம்மாள் சோற்றை உருட்டிக் கொடுங்கள் என்று கத்தினாள். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போகும்போதே பிள்ளையின் கை ஞானபாயின் கையைவிட்டுத் தளர்ந்தது.

பழி முழுவதும் ரம்புட்டான்மேல் விழுந்தது. அடக்கத்துக்கு முன்பே வாட்ஸாப்பில் வந்துவிட்டது, தாய்மாரே கவனியுங்கள் என்று சிவப்பு எழுத்தில். ரம்புட்டான் படம், அழுகிற பொம்மைப் படம். பெற்றவளுக்கு அறிவு வேண்டாமா என்று கடை வராந்தாவில் பேசினார்கள். ஜெபத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெபத்தைக் குறைசொல்லுகிற நாக்கு அந்த ஊரில் எவருக்கும் இல்லை. ஜெபத்திலே இருக்கும்போதல்லவா போனான், அது எப்பேர்ப்பட்ட மரணம் என்று கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டரய்யா சொன்னபோது, ஜெஸி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பிறகு ஞானபாயைப் பார்த்தாள். ஞானபாய் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அதன்பிறகு ஜெஸி ஆராதனைக்கு வரவில்லை. ஞானபாயும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. நர்சரியில் சாப்பாட்டு நேரத்தில் ஜெபத்துக்குப் பதிலாக எலிசாள் ஒரு பாட்டைத் தொடங்கிவிடுவாள். டீச்சருக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். மாதங்கள் ஓடியும் தொண்டை சரியாகவில்லை.

"முன்னால இருக்க டீச்சர் ஒண்ணு வாருங்க."

பிரபின் அவளைத்தான் கூப்பிட்டான். பின்னாலிருந்து எலிசாள், "அவங்க வேண்டாம், நான் வாறேன்" என்று எழுந்தாள். "ஆயாம்மா சாவியோட வரும், இருங்க" என்று அவன் சிரித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஞானபாய் எழுந்து போனாள். போகாமலிருக்க என்ன காரணம் சொல்வது?

பொம்மையின் தொண்டைக்குள் சிவப்பு ரப்பர் உருண்டை ஒன்றைப் பிரபின் அமுக்கி வைத்தான். பொம்மையை முன்னால் குனியவைத்து, நெஞ்சை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையின் உள்ளங்கை அடியால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஓங்கி ஐந்து தட்டு. வரவில்லையென்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. மறுபடியும் தட்டு. பிள்ளை மயங்கிவிட்டால் வேறு முறை, அதைப் பிறகு காட்டுகிறேன் என்றான்.

"ஆனா மொதல்ல பேரு சொல்லி விளிக்கணும். பிள்ளைக்கு நம்ம சத்தம் கேக்கட்டு. பொம்மைக்கு ஒரு பேரு போடுங்க டீச்சரே. விளியுங்க."

ஞானபாய் பொம்மையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

"சும்மா ஏதாவது ஒரு பேரு."

அவள் பெயர் எதுவும் சொல்லவில்லை. பொம்மையைக் குனியவைத்து, அதன் நெஞ்சில் இடதுகையைக் கொடுத்து, அடித்தாள். அறுபதை நெருங்குகிறவளின் கை அது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மூன்றாவது அடியில் சிவப்பு உருண்டை வாயிலிருந்து தெறித்து, தரையில் உருண்டு, பாஸ்டரய்யாவின் செருப்பில் போய் முட்டி நின்றது.

பின்வரிசையில் வெளியூர் டீச்சர்கள் சிலர் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் தட்டவில்லை. தட்டியவர்கள் அதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் பாதியில் நிறுத்தினார்கள். ஞானபாய் பொம்மையை இன்னும் விடவில்லை. இவ்வளவு எளிதாக வெளியே வருமா? இவ்வளவுதானா?

"நான்தான் தம்பி அது" என்றாள்.

"என்னது டீச்சரே?"

"நீங்க சொன்ன கேஸ். எனக்க நர்சரிதான். அவனுக்க அம்மைக்க மேல குத்தமில்ல. பிள்ள தின்னப்போ நான் கண்ண மூடிக்கிட்டு நின்னேன்."

பாஸ்டரய்யா எழுந்தார். "டீச்சர் ஜெபத்திலயல்லவா இருந்தாங்க" என்று பிரபினைப் பார்த்துச் சொன்னார், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல. பிரபினின் முகம் வெளிறிவிட்டது. அவனும் ஏதோ ஒரு சபையில் மெழுகுவத்தி பிடித்து வளர்ந்தவன்தான். குனிந்து சிவப்பு உருண்டையை எடுத்துத் துடைத்தான். எதைச் சொல்வதென்று தெரியாதபோது தொழில்காரன் தன் தொழிலைத்தான் பேசுவான்; அவனும் அதைத்தான் பேசினான். சத்தம் குறைத்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"ஜெபம் தாராளமாப் பண்ணலாம் டீச்சரே. மூடி திறக்கும் முன்னாலயே பண்ணினாப் போதும்."

அவள் தலையாட்டினாள். எத்தனை மாதமாக, படுக்கையில் புரண்டு புரண்டு, என் பாவம் எது, கர்த்தர் எதற்காக இதைச் செய்தார், என் குரலை எதற்காகக் கொடுத்தார் என்று மோதி மோதிப் பார்த்திருக்கிறாள். யாரோ ஒருவர் இத்தனை வருஷத்தில் ஒருநாள் வந்து, முதலில் ஜெபம், பிறகு மூடி என்று சொல்லியிருக்கலாம். அவளே யோசித்திருக்கலாம். ஆண்டவன்வரை போயிருக்க வேண்டியதில்லை. எலிசாள் டிபன் மூடிகளைத் திறக்கக் கொஞ்சம் தாமதித்திருந்தால் போதும்.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் நிற்கவில்லை.

ஜெஸியின் வீடு மேட்டில், ரப்பர் மரங்களுக்குப் பின்னால். கணவன் ரதீஷுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. ஷிப்டுக்குப் போயிருப்பான் என்று ஞானபாய்க்குத் தெரியும். வாசல்படிவரை வந்தவள் அங்கேயே நின்றாள். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது, மறுபடியும் ஓடியது. தேங்காய் அரைக்க இத்தனை நேரம் எடுக்காது. கதவு திறந்தேதான் இருந்தது. அடுக்களைத் தரையில் ஜெஸியின் சின்னவள் நீது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது ஆகப்போகிறது. பார்த்தால் இரண்டு என்றுதான் சொல்லத் தோன்றும். அவள் முன்னால் ஒரு கிண்ணத்தில் சாம்பல் நிறத்தில் கூழ்போல ஏதோ.

"வாருங்க டீச்சரே" என்றாள் ஜெஸி. வரவை எதிர்பார்த்த குரலும் இல்லை, விரோதமும் இல்லை. முக்காலியை இழுத்துப்போட்டாள். ஞானபாய் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வந்த காரியம் வாயிலிருந்து வராது என்று பயந்தாள்.

"நான் ஒரு காரியம் பறையணும்னு வந்தேன் மோளே. ரம்புட்டான் இல்ல. ரம்புட்டானுக்க மேலயும் குத்தமில்ல, ஒனக்க மேலயும் குத்தமில்ல. அன்னைக்கு டவுண் சபைக்காரங்க வாசல்ல நின்னாங்க. அவங்க கேக்கணும்னு நான் நீட்டிக்கிட்டே போனேன். அவன் எனக்க முன்னாலதான் இருந்தான். ஒருவாட்டி கண்ணத் திறந்திருந்தா…"

ஜெஸி மிக்ஸியின் ஒயரைப் பிடுங்கிச் சுற்ற ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும்."

"எலிசாள் சொன்னாளா?"

"யாரு சொல்லணும்? ஒங்க ஜெபம் எவ்வளவு நீளும்னு எனக்குத் தெரியாதா? நானும் அந்த பெஞ்சுல இருந்தவதானே." ஒயரைச் சுற்றி முடித்தாள், மறுபடியும் அவிழ்த்தாள். "டீச்சரே, ஒங்களுக்கு ஒண்ணு தெரியுமா? நீங்க கண்ண மூடுன ஒடனே நாங்க எல்லாரும் ஒண்ணு எடுத்து வாயில போட்டிருவோம். எல்லாரும். நீங்க ஒருநாளும் கண்டுபிடிச்சதில்ல. ஆமேன் சொல்லும்போ எனக்கெல்லாம் பாதி டிபன் காலி."

அவள் சிரித்தமாதிரி இருந்தது. ஞானபாய்க்கு முப்பது வருஷமும் ஒருமுறை கண்முன் வந்துபோயிற்று. வரிசை வரிசையாகக் கூப்பிய கைகள், இறுக்கி மூடிய சின்னக் கண்கள், பார்த்தவர்கள் மெச்சிய அமைதி.

"அத நான் அவன்கிட்ட சொன்னேன்" என்றாள் ஜெஸி. "ஒறங்கதுக்குக் கத கேப்பான். எனக்கு என்ன கத தெரியும்? எனக்க டீச்சரு கதைய சொன்னேன். அதே டீச்சருல்லா அவனுக்கும், அவனுக்கு அது பெரிய ரசம். எப்படி எடுக்கணும், எப்படி வாயில போடணும்… சவைக்கக் கூடாது, சவச்சா கன்னம் அசையும், டீச்சரு கண்டுபிடிச்சிருவாங்க, ஆமேன் வர்ற வரைக்கும் வாயிலயே அடக்கி வெச்சிருக்கணும்னு… நான் நடிச்சுக் காட்டினேன் டீச்சரே. கன்னம் அசையாம. அவன் எப்படிச் சிரிச்சான் தெரியுமா? இன்னொருவாட்டி காட்டு, இன்னொருவாட்டி காட்டுன்னு…"

ஒயர் அவள் கையிலிருந்து விழுந்தது. அழவில்லை. அழுது தீர்ந்த முகம்கூட இல்லை அது. அழத் தொடங்கவே நேரம் கிடைக்காத முகம்.

"அதுக்கு மறுநாளா?" என்று ஞானபாய் கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"அதுக்கு மறுநாள்தான்."

குழந்தை கிண்ணத்தைத் தரையில் தட்டியது.

"ரம்புட்டான் ரம்புட்டான்னு ஊரெல்லாம் பறஞ்சாங்களே, அப்போ எனக்கு ஒரு ஆசுவாசம் டீச்சரே. அது எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு. அத ஏத்துக்கிட்டா இது ஒருத்தருக்கும் தெரியாண்டாம். ரதீஷுக்குக்கூடத் தெரியாது."

ஞானபாய் முக்காலியில் உட்கார்ந்தாள். குற்றத்தைச் சுமந்துகொண்டு வந்து இந்த வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள் அவள். இங்கே அதைவிடக் கனமாக ஒன்று ஏற்கெனவே அடுக்களையில் உட்கார்ந்திருந்தது. இத்தனை மாதமும் ஒரே பழத்துக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒளிந்திருக்கிறார்கள். உன் குற்றம் இல்லை என்று சொல்லத் தோன்றியது. அதையே மற்றவர்கள் தன்னிடம் சொன்னபோது எப்படி எரிந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. ஜெஸியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெஸி கையை இழுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

குழந்தை மறுபடியும் தட்டியது. ஜெஸி கிண்ணத்தை எடுத்து, கூழைக் கரண்டியால் கிளறி, கட்டி இருக்கிறதா என்று விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்தாள்.

"இன்னும் மிக்ஸியில அடிச்சா குடுக்க?"

"எல்லாம். சோறு, மீனு, எல்லாம். ஒரு பிஸ்கட் வாயில வெச்சாலும் எனக்குக் கை போயிரும், தோண்டி எடுத்திருவேன். ரதீஷ் சண்ட போடுதான். ஹெல்த் சென்டர்ல எட பாத்துட்டு ஏசுனாங்க. இவளுக்கு நான் ஒரு கதையும் சொல்லுதில்ல டீச்சரே. வாயே திறக்கதில்ல."

தோண்டி எடுக்காதே, விரல் விடாதே என்று ஞானபாய் சொல்ல வாயெடுத்தாள். அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "ஏத்தப்பழம் அவிச்சது உண்டா?" என்று கேட்டாள்.

இருந்தது, ரதீஷுக்காகக் காலையில் அவித்த நேந்திரம்பழம். ஞானபாய் கையைக் கழுவிக்கொண்டு, பழத்தின் நடு நாரையும் கருப்பு விதையையும் நீக்கி, நீளவாக்கில் வகிர்ந்து, பயறளவுக்குச் சின்னச் சின்னதாக நறுக்கினாள். நறுக்கிய துண்டுகளையே மறுபடியும் இரண்டிரண்டாக நறுக்கினாள். ஜெஸி அந்தக் கையைப் பார்த்தாள்.

"டீச்சருக்கும் பயமா?"

"ஓ. பயந்தான். ரெண்டு பேருமாப் பாத்துக்கிடுவோம். அடச்சா என்ன செய்யணும்னு இன்னைக்குத்தான் படிச்சேன். சின்னப்பிள்ளைக்கும் அதேதான், கொஞ்சம் மெதுவா." எப்படிக் குனியவைப்பது, எங்கே தட்டுவது என்று ஜெஸியின் முதுகிலேயே தொட்டுக் காட்டினாள். ஜெஸியின் தோள்பட்டை எலும்புகள் கைக்குத் துருத்திக்கொண்டு தெரிந்தன. இந்த முதுகைச் சிறுமியாக இருந்தபோது எத்தனைமுறை தட்டி நேராக உட்காரவைத்திருக்கிறாள். ஜெஸி குழந்தையின் முதுகில் அதே இடத்தைத் தேடி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குழந்தைக்குக் கூச்சம், நெளிந்தது.

நீதுவைச் சுவரோரம் நிமிர்ந்து உட்காரவைத்தார்கள். இருவரும் அவள் முன்னால் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தார்கள். தட்டில் மஞ்சளாக நாலைந்து துண்டுகள். இதைத் தின்ன வேண்டும் என்று குழந்தைக்கு விளங்கவே நேரமாயிற்று.

"ஜெபம் பண்ணுங்க டீச்சரே" என்றாள் ஜெஸி.

ஞானபாய் அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஜெஸியின் முகத்தில் பரிகாசமோ சோதனையோ எதுவுமில்லை. பயந்துபோன ஒருத்தியின் முகம், அவ்வளவுதான். ஞானபாய் தட்டைத் தன் பக்கம் நகர்த்தினாள். குழந்தை வீறிட்டு அதை இரண்டு கையாலும் திரும்ப இழுத்துக்கொண்டது. விட்டுவிட்டாள்.

"கண்ண மூடு மோளே" என்று ஜெஸி பழக்கத்தில் சொன்னாள். குழந்தை கையைக் கூப்பிக்கொண்டு, முகமெல்லாம் சுருங்க, கண்ணை இறுக்கி மூடியது. பெரியவர்கள் இருவரும் மூடவில்லை.

"கர்த்தாவே" என்று ஞானபாய் தொடங்கினாள். வெகுநாள் பேசாத குரல் உடைந்து வந்தது. அடுத்த வார்த்தை என்னவென்று தேடினாள். தடங்காத தமிழெல்லாம் எங்கோ போயிருந்தது. அந்த இடைவெளியில் குழந்தையின் ஒரு கண் கொஞ்சமாகத் திறந்தது. அது அவர்களைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தது. ஒரு கை கூப்பலிலிருந்து நழுவி வந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டு, திரும்பிப்போய் மற்றக் கையோடு சேர்ந்துகொண்டது. கண் மறுபடியும் மூடிக்கொண்டது. கன்னம் அசையவில்லை.

ஜெஸியின் விரல்கள் ஞானபாயின் முழங்கையில் பதிந்தன. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமேன்" என்றாள் ஞானபாய், அவசரமாக. "ஆமேன் மோளே, ஆமேன். சவைக்கலாம்."

குழந்தை கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. இரண்டு பேரும் இமைக்காமல் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மேட்டில் ஒரு லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. குழந்தையின் தாடை, எப்படி என்று தெரியாததுபோல, மெல்ல ஒரு பக்கமாக அசைந்தது. நின்றது. பிறகு மறு பக்கமாக அசைந்தது.